பதகளிப்புக்கு டாப்பிங்: தட்டத் தொடங்குமுன் செய்ய வேண்டியதிலிருந்து முழு வழிகாட்டி

விரல் நுனியால் முகத்திலும் நெஞ்சிலும் சில இடங்களைத் தட்டிக்கொண்டே, மனதை அரிக்கிற விஷயத்தை வாய்விட்டுச் சொல்லும் முறைதான் ஈஎப்டி (Emotional Freedom Techniques). நம்மவர்கள் ‘டாப்பிங்’ என்றால் உடனே விளங்கிக்கொள்வார்கள். கையை உடம்பின் மேல் வைத்துச் செய்யும் ரெய்கி போன்றவற்றோடு சேர்த்து இதையும் ‘எனர்ஜி’ சிகிச்சை என்ற பெயரில் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு யூடியூப் வீடியோவைப் போட்டுவிட்டு நேரே தட்டத் தொடங்குகிறார்கள். நாலு நாளில் “எனக்கு இது சரிவராது” என்று விட்டும் விடுகிறார்கள். தட்டுவதில் பிழை விடுகிறவர்கள் குறைவு. பிழை அதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, விரலைத் தூக்குவதற்கு முன் செய்ய வேண்டியவை பற்றியது.

உதாரணத்துக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம். வெள்ளவத்தையில் ஆறாம் மாடி பிளாட்டில் இருக்கிறார். கரண்ட் போன நேரம் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டதிலிருந்து, சாமான் பையோடு ஆறு மாடியும் படியேறித்தான் போகிறார். கடைசிப் படி வரைக்கும் இவரையே கூட்டிக்கொண்டு போவோம்.

1. முதலில் உடம்பைப் பாருங்கள்

நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, நித்திரையின்மை எல்லாம் பதகளிப்பால் வரும். தைரொயிட் சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்தாலும் அப்படியே வரும். இரத்தச்சோகை இருந்தால் நாலு படி ஏறினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சல்பியூட்டமோல் கையை நடுங்க வைக்கும். விடிந்ததிலிருந்து கடும் சாயத்தில் பிளேன்டீயாகக் குடித்துக்கொண்டிருப்பவருக்கு அதுவே போதும்.

ஆகவே குடும்ப வைத்தியரிடம் ஒருமுறை காட்டுங்கள். தைரொயிட்டுக்கும் ஹீமோகுளோபினுக்கும் இரத்தப் பரிசோதனை தேவையா, ஈசிஜி எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். தட்டினால் கொஞ்ச நேரம் படபடப்பு தணியக்கூடும். அந்தத் தணிவை நம்பி, மருந்தால் தீரக்கூடிய ஒன்றை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுவிடக் கூடாது.

நெஞ்சை அமுக்குவது போன்ற வலி, அது இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, கூடவே வியர்வையும் மூச்சுத் திணறலும் என்றால் தட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மனநல வைத்தியர் தந்த குளிசை எடுப்பவர்கள் அதைத் தொடர்ந்து எடுங்கள். மனச்சோர்வுக்கான குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்று, எரிச்சல், முன்னையதைவிட மோசமான பதகளிப்பு வரலாம். நீண்ட காலம் எடுத்த நித்திரைக் குளிசையைச் சட்டென்று விட்டால் வலிப்புக்கூட வரக்கூடும். குறைப்பதென்றால் தந்தவரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

2. தனியாகச் செய்யக் கூடாதவர்கள்

லிப்ட், நேர்முகத் தேர்வு, ஊசி, மேடைப் பேச்சு போன்ற பயங்களுக்கு வீட்டில் தனியே இருந்து செய்து பார்க்கலாம். ஷெல் அடி, காணாமல் போன பிள்ளை, 83 ஜூலை, 2019 ஈஸ்டர் ஞாயிறு என்று உங்கள் பயத்தின் வேர் போகுமானால், கதவைப் பூட்டிக்கொண்டு அதைக் கிளற வேண்டாம். இந்த முறை பயத்தை வேண்டுமென்றே மனதுக்குக் கொண்டுவருகிறது. சின்னப் பயத்துக்கு அதுதான் மருந்து. பெரிய காயமென்றால் அதே வேலை அந்த நாளுக்குள்ளேயே உங்களைத் திரும்பத் தள்ளிவிடும். பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை அது.

சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறவர்கள், ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கிறவர்கள், இடையிடையே தான் எங்கே இருக்கிறோம் என்பதே விட்டுப்போகிறவர்களுக்கும் இது பொருந்தும். 1926க்கு எடுங்கள். அது அங்கொட தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம். எடுத்தவுடனேயே தமிழில் கதைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். 1333க்கும் இலவசமாக எடுத்து உளவளத்துணையாளரோடு கதைக்கலாம். நேரில் போய் யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டும்போல் இருந்தால், கொழும்பு 7 ஹோர்ட்டன் பிளேசில் சுமித்ரயோ என்ற உதவி அமைப்பு இருக்கிறது. யாரிடமும் சொல்லமாட்டார்கள், உபதேசமும் செய்யமாட்டார்கள்.

3. என்ன எதிர்பார்க்கலாம்

சொல்லிக்கொடுப்பவர்கள் உடம்பில் சக்தி ஓடும் பாதைகள் இருப்பதாகவும், தட்டினால் அடைப்பு நீங்குவதாகவும் சொல்வார்கள். அப்படி ஒரு பாதை இருப்பதை எந்தக் கருவியும் காட்டியதில்லை.

ஆனாலும் பயம் குறைகிறது. 14 பரிசோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டின் ஆய்வு, ஈஎப்டி செய்தவர்களுக்குப் பதகளிப்பு நன்றாகக் குறைந்ததாகக் கண்டது. அப்படியானால் குறைப்பது எது? 2003இல் கனடாவில் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு சரியான இடங்களைத் தட்டியது. இன்னொரு குழு கையில் சம்பந்தமில்லாத இடங்களைத் தட்டியது. மூன்றாவது குழு தட்டியது ஒரு பொம்மையை! மூன்று குழுவுக்கும் பயம் குறைந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான். பயத்தை மனதில் பிடித்துக்கொண்டு, அதற்குப் பெயர் சொல்லி, உடம்பை ஒரு சீரான வேலையில் வைத்திருப்பதுதான் பலன் தருகிறது. எனவே புள்ளி சரியா பிழையா என்று மண்டையைக் குழப்ப வேண்டாம். 5ஆம், 6ஆம் படிகளில் அவசரப்படாமல் இருந்தால் போதும். சக்தி என்ற கதையை நம்பாதவர்களுக்கும் இது வேலை செய்யும். இதில் மந்திரமோ தெய்வமோ இல்லை. “எங்கட சமயத்துக்கு ஒத்துவருமா?” என்று கேட்பவர்களுக்கும் பதில் அதுதான்.

4. இடமும் நேரமும்

தேவையானவை ஒரு கொப்பி, ஒரு பேனை, ஒரு போத்தல் தண்ணீர், முதுகு சாயக்கூடிய ஒரு கதிரை. நேரம் இருபது நிமிடம்.

கொழும்பில் கஷ்டமான விஷயம் பூட்டக்கூடிய கதவுதான். ஒரு அறை அனெக்ஸில் நாலு பேர் இருக்கும் வீட்டில், முகத்தைத் தட்டிக்கொண்டு தனக்குள் பேசுகிறவரைப் பார்த்தால் மாமி என்ன நினைப்பார்? அந்தக் கூச்சத்தோடு செய்தால் மனம் பயத்தில் நிற்காது, கதவில்தான் நிற்கும். வீட்டில் ஒருவருக்காவது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அல்லது மற்றவர்கள் கோயிலுக்கோ கடைக்கோ போகும் நேரத்தைப் பிடியுங்கள். போனை வேறு அறையில் வையுங்கள்.

படுக்கப் போகும் நேரத்தில் முதல் முறை செய்யாதீர்கள். கிளறிவிட்ட மனதோடு படுத்தால் நித்திரை போய்விடும். பின்னேரம், வெளிச்சம் இருக்கும்போது நல்லது.

கற்றராக்ட் போன்ற கண் சத்திரசிகிச்சை செய்து ஆறாதவர்கள் கண்ணைச் சுற்றியுள்ள இடங்களை விட்டுவிடுங்கள். புண், பரு உள்ள இடத்தையும் தட்ட வேண்டாம்.

5. ஒன்றை மட்டும் பிடியுங்கள்

அதிகம் பேர் வழுக்கும் இடம் இது. “உங்களுக்கு என்ன பிரச்சினை?” என்றால், “டென்ஷன்”, “எல்லாத்துக்கும் பயம்”, “வாழ்க்கையே சரியில்லை” என்று வரும். இவற்றை வைத்துத் தட்டினால் ஒன்றும் அசையாது. ‘எல்லாம்’ என்பதை நினைக்கும்போது உடம்பில் ஒரு குறிப்பான இடமும் இறுகுவதில்லை. இறுகாத ஒன்று எப்படித் தளரும்?

நம் ஆறாம் மாடிக்காரர் கொப்பியில் முதலில் ‘லிப்ட் பயம்’ என்று எழுதினார் என்று வையுங்கள். அதுவும் இன்னும் அகலம்தான். எந்த நொடியில் பயம் உச்சத்துக்குப் போகிறது என்று கேட்டால் ஒவ்வொன்றாக வரும். கதவு மூடும் சத்தம். லைட் அணைந்த நொடி. மணியை அழுத்தியும் யாரும் வராத நேரம். “உள்ளே இருந்து செத்துப்போனால் பிள்ளையை யார் பார்ப்பது” என்ற எண்ணம். இவை நாலு வெவ்வேறு விஷயங்கள். நாலையும் தனித்தனி வரியில் எழுத வேண்டும்.

தொடங்குவது எதில்? ஆட்கள் மிகப் பெரியதையே தெரிவு செய்வார்கள், ஒரே அடியில் முடித்துவிடலாம் என்று. நடுத்தரமான ஒன்றை எடுங்கள். பெரியதோடு தொடங்கி முதல் நாளே தத்தளித்தவர் அடுத்த நாள் கொப்பியைத் தொடமாட்டார். இவருக்குக் கதவுச் சத்தம் சரியாக இருக்கும்.

இன்னொன்று. வசனம் காணும், கேட்கும், உணரும் ஒன்றாக இருக்கட்டும். ‘நம்பிக்கையின்மை’ என்று எழுதினால் கண்ணில் ஒன்றும் தெரியாது. ‘மூடும்போது வரும் அந்தக் கிர்ர் சத்தம்’ என்று எழுதினால் எழுதும்போதே தோள் இறுகும். அந்த இறுக்கம் வந்தால் சரியான வரியைப் பிடித்துவிட்டீர்கள்.

6. இலக்கம் போடுங்கள்

கண்ணை மூடி அந்தச் சத்தத்தை மனதில் கேளுங்கள். இப்போது, இந்த நொடியில், எவ்வளவு அவதி? ஒன்றுமில்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10. வந்த இலக்கத்தை எழுதுங்கள். உடம்பில் எங்கே தெரிகிறது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்: தொண்டை, வயிறு, நெஞ்சு.

இதைத் தவிர்ப்பவர்கள் மிக அதிகம். “மனசால ஒரு கணக்கு வச்சிருக்கிறன்” என்பார்கள். பயம் தணிந்த பிறகு, முதலில் எவ்வளவு இருந்தது என்பது மனதுக்கு நினைவிருக்காது. 7இலிருந்து 4க்கு வந்தவர் “இன்னும் பயமாத்தான் இருக்கு, ஒண்டும் மாறேல்ல” என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். எழுதிய இலக்கம் இல்லாவிட்டால் அவரோடு வாதாட வழியில்லை.

லிப்டில் மாட்டிய அன்று இருந்த இலக்கத்தைப் போடாதீர்கள். கதிரையில் இருந்து நினைக்கும்போது இப்போது இருப்பதைத்தான் போட வேண்டும். 8க்கு மேல் வந்தால் அந்த வரியை விட்டு, பட்டியலில் இன்னும் லேசான ஒன்றுக்கு இறங்குங்கள்.

7. தொடக்க வசனம்

ஒரு கையின் இரண்டு விரல்களால் மற்றக் கையின் பக்கவாட்டைத் தட்டுங்கள். சின்னிவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் உள்ள சதைப்பகுதி அது. தட்டிக்கொண்டே வசனத்தை மூன்று தரம் சொல்லுங்கள்.

வசனத்துக்கு இரண்டு பாதி. முதல் பாதியில் பயத்தை உள்ளபடி சொல்ல வேண்டும். இரண்டாம் பாதி, அது இருந்தாலும் பரவாயில்லை என்று விடுவது. வீட்டில் பேசுகிற பேச்சிலேயே சொல்லுங்கள். “லிப்ட் கதவு மூடுற சத்தத்த நினைச்சாலே நெஞ்சடைக்குது. அடைச்சாலும் பரவாயில்ல, இப்ப நான் என்ர அறையிலதான் இருக்கிறன்.” வழக்கமாக இரண்டாம் பாதியில் ‘என்னை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன்’ என்று சொல்லச் சொல்வார்கள். வாய்க்கு வந்தால் சொல்லலாம். சொல்லும்போது சிரிப்பு வந்தால் விட்டுவிடுங்கள்.

“நான் தைரியசாலி, எனக்கு லிப்ட் பயமே இல்லை” என்று தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே 7 இருக்கும்போது வாய் 0 என்று சொன்னால் மனம் உடனே மறுத்துப் பேசத் தொடங்கிவிடும். நல்ல வசனங்களுக்கு இலக்கம் 3க்குக் கீழே வந்த பிறகு இடமுண்டு.

8. தட்டும் வரிசை

மேலிருந்து கீழே இறங்குங்கள். வரிசைக்குள் ரகசியம் ஒன்றுமில்லை. மறக்காமல் இருக்கத்தான் மேலிருந்து கீழ்.

உச்சந்தலை. புருவம் மூக்குப் பக்கம் தொடங்கும் இடம். கண்ணின் வெளி ஓரத்து எலும்பு. கண்ணுக்கு நேர் கீழே உள்ள எலும்பு. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடு. கீழுதட்டுக்குக் கீழே உள்ள பள்ளம். பிறகு காறை எலும்பு: கழுத்துக் குழியின் இரு பக்கமும் அந்த எலும்பு தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே. கடைசியாக அக்குளுக்கு நாலு விரல் கீழே, விலாப் பக்கம்.

ஒவ்வொரு இடத்திலும் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து ஐந்து முதல் ஏழு தட்டு. எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். எண்ணினால் கவனம் எண்ணிக்கைக்குப் போய்விடும். ஒரு மூச்சு போய்வரும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடக் கை, வலக் கை எதுவும் சரி, உடம்பின் எந்தப் பக்கமும் சரி. பலமாகத் தட்டினால் பலன் கூடும் என்று நினைத்துக் கன்னம் சிவக்கத் தட்டுகிறார்கள். அதனால் வலிதான் வரும்.

ஒவ்வொரு இடத்திலும் நினைவூட்டலாக ஒரு துண்டு சொல்லுங்கள்: “கதவுச் சத்தம்”, “நெஞ்சடைக்குது”, “அந்தக் கிர்ர்”. வாய் சும்மா இருந்தால் இரண்டாம் இடத்துக்குப் போகுமுன்பே மனம் அரிசி விலைக்குப் போய்விடும். பேச்சு அதைக் கட்டிப்போடுகிறது.

9. நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி இலக்கம்

ஒரு சுற்று முடிந்ததும் கையை மடியில் வையுங்கள். மெதுவாக மூச்சை உள்ளே எடுத்து, எடுத்ததைவிட நீளமாக வெளியே விடுங்கள். இரண்டு மிடறு தண்ணீர். பெரிய பெரிய மூச்சாக வேகமாக இழுக்க வேண்டாம். அப்படி இழுத்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரலும் உதடும் விறைக்கும், தலை சுற்றும். அதையே பயம் வருகிறது என்று எடுத்துக்கொள்வீர்கள்.

பிறகு அதே சத்தத்தை மனதில் கேட்டு, இலக்கத்தை எழுதுங்கள். 7இலிருந்து 5 என்றால் இன்னொரு சுற்று. வசனத்தில் ‘இன்னும் மிச்சமிருக்கிற’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு இருப்பில் மூன்று நாலு சுற்றுப் போதும். 2க்கு வந்தாலே நிறுத்தலாம். 0 வரும்வரை விடமாட்டேன் என்று மல்லுக்கட்டினால் அதுவே புதிய பதகளிப்பாகிவிடும்.

10. இலக்கம் அசையாவிட்டால், ஏறினால்

முதல் சுற்றுக்குப் பிறகு ஒன்றிரண்டு ஏறுவது வழக்கம். இவ்வளவு நாளும் திரும்பிப் பார்க்காத ஒன்றை இப்போதுதான் நேரே பார்க்கிறீர்கள். இன்னொரு சுற்றுப் போய்ப் பாருங்கள்.

அசையாமல் நின்றால், காலுக்குக் கீழே விஷயம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கதவுச் சத்தத்தில் தொடங்கியவர் இரண்டாம் சுற்றில் லைட் அணைந்த நொடிக்குப் போயிருப்பார். சத்தம் 3க்கு வந்திருக்கும், அவர் எழுதுவதோ இருட்டின் 7ஐ. கொப்பியில் நாலு வரியையும் பிரித்து எழுதச் சொன்னது இதற்குத்தான். சத்தத்துக்கு 3 என்று எழுதிவிட்டு, இருட்டைப் புது வரியாக நாளைக்கு எடுங்கள்.

அழுகை வந்தால் வரட்டும். ஆனால் இலக்கம் 9, 10 என்று ஏறி, உடம்பு நடுங்கி, அறை தூரமாகப் போவது போல் இருந்தால் உடனே நிறுத்துங்கள். வசனத்தை விடுங்கள். பாதத்தை நிலத்தில் அழுத்தி, முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடித்து, அறையில் இருக்கிற பொருட்களைச் சத்தமாகப் பெயர் சொல்லுங்கள்: பேன், யன்னல், கலண்டர். அன்று மறுபடி தொடங்க வேண்டாம். அடுத்த முறையும் அப்படியே நடந்தால் 2ஆம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

11. வெளியில் போய்ச் சோதியுங்கள்

கதிரையில் 2 வந்ததோடு முடித்துவிடுகிறவர்களுக்குப் பயம் திரும்பி வந்துவிடக்கூடும். லிப்டைத் தவிர்க்கும் ஒவ்வொரு நாளும் “நல்ல காலம், ஏறவில்லை” என்று உடம்பு படித்துக்கொள்கிறது. அந்தப் பாடத்தை மாற்ற, லிப்டுக்குக் கிட்டப் போகத்தான் வேண்டும்.

படிப்படியாகப் போங்கள். முதல் நாள் லிப்ட் வாசலில் நின்று கதவு திறந்து மூடுவதைப் பார்ப்பது. அப்புறம் கூட ஒருவரோடு ஒரு மாடி. பிறகு தனியே ஒரு மாடி. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் இலக்கம். பாதியாகக் குறைந்தால் அடுத்த கட்டம். ஏறுமுன் பிளாட் வோச்சரிடம் இரண்டு விஷயம் கேட்டுவைப்பது நல்லது: ஜெனரேட்டர் லிப்டுக்கும் வேலை செய்யுமா, உள்ளே மணி அடித்தால் யாருக்குக் கேட்கும்? உண்மையான ஆபத்துக்கு உண்மையான ஏற்பாடு செய்யாமல் தட்டிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நெரிபடும்போது முகத்தைத் தட்ட முடியாது. காறை எலும்புக்குக் கீழே இரண்டு விரலால் அழுத்திப் பிடித்து, மூச்சை நீளமாக விடுங்கள். அல்லது கைப்பைக்குள் கையை வைத்து, ஒவ்வொரு விரலின் நகத்தோரத்தையும் பெருவிரலால் அழுத்திக்கொண்டு வாருங்கள். வீட்டில் பழகியிராத ஒருவருக்கு பஸ்ஸில் இது கைகொடுக்காது.

12. காசு கொடுத்து ஒருவரிடம் போவதானால்

டாப்பிங் தெரிந்த உளவளத்துணையாளர் கிடைத்தால் நல்லது. ஏனென்றால் டாப்பிங் பலிக்காவிட்டால் அவர் கையில் வேறு வழியும் இருக்கும். டாப்பிங் மட்டுமே தெரிந்தவரிடம் அது இருக்காது.

ரெய்கி வேறு விதம். உடுப்போடு படுத்திருப்பீர்கள், கையை மேலேயோ சற்று உயரத்திலோ வைப்பார்கள், முக்கால் மணியோ ஒரு மணியோ போகும். அமைதியான அறை, பேச்சில்லாத ஒரு மணி நேரம், ஒருவரின் முழுக் கவனம்: அலுத்துக் களைத்தவருக்கு இதில் ஆறுதல் கிடைப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் “உங்கட சக்தியில இந்த இடத்தில அடைப்பு இருக்கு” என்று கையால் கண்டுபிடித்துச் சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள். உடம்பின் சக்தியைக் கையால் உணர்வதாகச் சொல்லும் 21 பேரைத் திரைக்குப் பின்னால் கையை நீட்டவைத்து, எந்தக் கைக்கு மேல் இன்னொருவர் கை இருக்கிறது என்று கேட்டார்கள். 1998இல் வெளியான அந்தச் சோதனையில் சரியாகச் சொன்னது 44 சதவீதம். காசு சுண்டிப்போட்டாலே 50 வரும்.

போன் எடுத்துக் கேட்க வேண்டியவை: ஒருமுறைக்கு எவ்வளவு, பத்து முறைக்கு முற்பணம் கட்டாயமா, பெண்ணுக்குப் பெண் கிடைப்பாரா, கூட ஒருவர் அறைக்குள் இருக்கலாமா. குளிசையை நிறுத்தச் சொன்னால், உடுப்பைக் கழற்றச் சொன்னால், யாரோ செய்வினை செய்திருக்கிறார்கள், எடுக்க இவ்வளவு ஆகும் என்று தொடங்கினால் எழுந்து வாருங்கள். சுவரில் மாட்டிய ரெய்கிச் சான்றிதழ் வைத்தியப் பதிவு அல்ல. முதல் நிலைச் சான்றிதழை ஒன்றிரண்டு நாள் வகுப்பிலேயே எடுத்துவிடலாம்.

13. இரண்டு கிழமைக்குப் பிறகு

கொப்பியைத் திறந்து இலக்கங்களைப் பாருங்கள். இறங்கிக்கொண்டு வந்தால், கிழமைக்கு இரண்டு மூன்று தரம், பட்டியலில் மிச்சமுள்ள வரிகளுக்குத் தொடருங்கள்.

அப்படியே நின்றால், அல்லது வேலைக்கோ வகுப்புக்கோ போக முடியாமல் இருந்தால், தட்டுவதை இன்னும் கூட்டிப் பயனில்லை. அரசாங்க ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக் காசு இல்லை. சிபிடி என்ற பேச்சுச் சிகிச்சைக்கும் மருந்துகளுக்கும் பதகளிப்பில் இதைவிட வலுவான ஆதாரம் இருக்கிறது. போகும்போது கொப்பியைக் கொண்டுபோங்கள். எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, உடம்பில் எங்கே தெரிகிறது, எதைத் தவிர்க்கிறீர்கள் என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள். வரிசையில் நின்று களைத்து உள்ளே போனவருக்கு அந்த நேரம் ஒன்றும் வாயில் வராது. பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.